மூன்று முறை களம் திரும்பியவர்: பிரேசில் ரொனால்டோ, 1998–2002 (நிகழ்வு ஆய்வு)

எதைப் பார்க்கப்போகிறோம்

உடல்நலம் கெட்ட ஓர் ஆட்டக்காரர் மறுபடி எப்போது ஆடலாம், அதை யார் சொல்வது? பிரேசில் முன்கள வீரர் ரொனால்டோவின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு நான்கே ஆண்டுகளில் மூன்று முறை விடை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சில மணி நேரத்தில் முடிவெடுத்தார்கள். இரண்டாம் முறை ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மூன்றாம் முறை பதினேழு மாதம் பிடித்தது.

இன்று ரொனால்டோ என்றாலே போர்ச்சுகல்காரர்தான் நினைவுக்கு வருகிறார். நாம் பேசுவது அவருக்கு முந்தையவரை, 1976 செப்டம்பரில் பிறந்த ரொனால்டோ லூயிஸ் நஜாரியோ டி லிமாவை. எல்லாரும் அறிந்தவர் என்பதால் அவர் பெயரை மறைப்பதில் பொருளில்லை. பயிற்சியாளர்களும் சில ஆட்டக்காரர்களும் அப்படியே. மருத்துவர்களையும் மற்றவர்களையும் மட்டும் அவர்கள் வகித்த பொறுப்பால் குறிக்கிறேன். அவர்கள் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அதே நெருக்கடிதான் வந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 1998 இறுதி ஆட்டத்து நாளைப் பற்றி அங்கிருந்தவர்கள் பிற்பாடு சொன்னவை நிமிடக் கணக்கில் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலானவர்கள் ஒரேமாதிரி சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னணி

ரியோ டி ஜெனிரோவின் புறநகரான பென்ட்டோ ரிபெய்ரோவில் வளர்ந்தவர். சின்ன மைதானத்தில் ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தில்தான் கால் பழகியது. அங்கிருந்து சாவ் கிறிஸ்டோவாவ் என்ற சின்ன கிளப், அப்புறம் 1993இல் பெலோ ஒரிசோன்டே நகரின் க்ரூசெய்ரோ. 1994 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியில் 17 வயதில் இடம் கிடைத்தது. ஒரு நிமிடம்கூட ஆட வாய்ப்பு வரவில்லை. அதே கோடையில் நெதர்லாந்தின் பிஎஸ்வி அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே லீக்கில் 30 கோல் அடித்தார்.

முழங்கால் தொல்லை தொடங்கியதும் அங்கேதான். இரண்டாம் பருவத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிட்டது. 1996இல் ஓர் அறுவை சிகிச்சையும் நடந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பின்னாளில் அவரைக் கவனித்த இயன்முறை மருத்துவர் ஒருவர், முட்டிச் சில்லு உட்கார்ந்து நகரும் பள்ளம் இவருக்கு இயல்பான அமைப்பில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் இது பிறவியிலேயே வந்த பலவீனம். அதன் மேல்தான் அந்த அசுர வேகமும், ஓடும்போதே திசை மாறும் ஆட்டமும் ஏறி உட்கார்ந்தன.

1996–97இல் பார்சிலோனாவுக்காக 49 ஆட்டத்தில் 47 கோல். 1997இல் அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு இன்டர் மிலான் வாங்கியது. இத்தாலியத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு எதிராக முதல் பருவத்திலேயே லீக்கில் 25 கோல். 1998 மே மாதம் பாரிஸில் லாசியோவை 3–0 என்று வென்ற யூஇஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) இறுதியில் மூன்றாம் கோல் இவருடையது. கோல்கீப்பரை இடுப்பசைவிலேயே தரையில் உட்கார வைத்துவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினார். அவரை முழு வேகத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

இந்த ஆய்வுக்கு அவர் அடித்த கோல்களைவிட அவருக்கு வாய்க்காத ஓய்வு முக்கியம். 1996 கோடையில் அட்லாண்டா ஒலிம்பிக், 1997 கோடையில் தென் அமெரிக்க நாடுகளுக்கான கோப்பா அமெரிக்கா, அதே ஆண்டு டிசம்பரில் சவூதியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, 1998 கோடையில் உலகக் கோப்பை, 1999 கோடையில் மறுபடி கோப்பா அமெரிக்கா. கிளப் பருவம் முடிந்ததும் தேசிய அணி, அது முடிந்ததும் கிளப். கிளப்புக்குத் தனி மருத்துவர், தேசிய அணிக்குத் தனி மருத்துவர். முழங்கால் என்னவோ ஒன்றுதான்.

பணத்தின் பங்கையும் விட்டுவிட முடியாது. பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு 1996இல் நைக்கி நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது. ரொனால்டோவும் அதே நிறுவனத்தின் விளம்பர முகம். 1996, 1997 இரண்டு ஆண்டும் ஃபிஃபாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. பிரான்ஸில் நடந்த 1998 உலகக் கோப்பைக்கு அவர் வந்தபோது வயது 21. சுவரொட்டியெங்கும் அவர் முகம்தான்.

முதல் நிகழ்வு: 1998 ஜூலை 12, பகல்

பிரான்ஸுக்கு எதிரான இறுதிக்கு ஐந்து நாள் முன், மார்செய்யில் நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதி கூடுதல் நேரத்தையும் தாண்டிப் பெனால்டிக்குப் போனது. அதில் பிரேசிலின் ஒரே கோல் ரொனால்டோ அடித்தது. போட்டி முழுக்க முழங்கால் வலிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே ஆடிவந்தார்.

இறுதி நாளன்று அணி பாரிஸுக்கு வெளியே ஒரு மாளிகை விடுதியில் தங்கியிருந்தது. ஆட்டம் இரவு ஒன்பது மணிக்கு. மதிய உணவு முடிந்து எல்லாரும் அவரவர் அறைக்குப் படுக்கப் போனார்கள். சிறிது நேரத்தில் ரொனால்டோவின் உடல் உதறத் தொடங்கியது. அறைத் தோழர் ராபர்ட்டோ கார்லோஸ் பதறிப்போய் ஆள் கூப்பிட்டார். சக முன்கள வீரர் எட்முண்டோ தாழ்வாரத்தில் கத்திக்கொண்டு ஓடினார். ஒரு சக வீரர், நாக்கு தொண்டையை அடைத்துவிடக் கூடாதென்று வாயைத் திறந்துபிடித்ததாகச் சொல்கிறார்கள். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். வலிப்பு வந்தவரின் வாய்க்குள் எதையும் விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதே சரி.

அணி மருத்துவர்கள் வந்தார்கள். உதறல் நின்றது. ரொனால்டோ தூங்கிவிட்டார். எழுந்தபோது நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. விடுதியில் இருந்தவர்களில் விஷயம் தெரியாதவர் அவர் மட்டும்தான். முதலில் யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. பிற்பாடு ஒரு மூத்த சக வீரர் தோட்டத்தில் அவரோடு நடந்தபடியே விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகே பாரிஸில் ஒரு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். வலிப்புக்கும் மருத்துவமனைக்கும் இடையே சில மணி நேரம் கழிந்திருந்தது.

இந்த இடைவெளியைத்தான் இந்தக் கதையின் பெரிய பிழையாக நான் பார்க்கிறேன். மாலையில் நடந்ததைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பகலில் ஆம்புலன்ஸ் வராமல் போனதைப் பேசியவர்கள் குறைவு. முதல்முறையாக வலிப்பு வந்த 21 வயதுக்காரரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் ஒரு நாளாவது அங்கேயே வைத்துக் கவனித்திருப்பார்கள். இரவு ஆடுவதா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

முடிவு எடுக்கப்பட்ட விதம்

அணியின் பேருந்து அவர் இல்லாமலே மைதானத்துக்குக் கிளம்பியது. பயிற்சியாளர் ஜகாலோ, எட்முண்டோவின் பெயரை எழுதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டியல் செய்தியாளர் கைக்கு வந்ததும் உலகம் முழுக்க ஒரே குழப்பம். ரொனால்டோவின் பெயர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் கிடந்தது.

மருத்துவமனையில் நரம்பியல் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்ததில் கோளாறு எதுவும் தென்படவில்லை. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரொனால்டோ உடைமாற்றும் அறைக்கு வந்து சேர்ந்தார். அவரே பின்னர் சொன்னபடி, நேராக ஜகாலோவிடம் போய், தனக்கு ஒன்றுமில்லை, சோதனை முடிவு இதோ, ஆட வேண்டும் என்றார். பயிற்சியாளருக்கு வேறு வழியே விடவில்லை. அணி மருத்துவர் தடுக்கவில்லை. பட்டியல் திருத்தப்பட்டது.

அந்த அறையில் நாலு விதமான அழுத்தம் இருந்தது. ஆட்டக்காரருக்கு இது வாழ்வின் ஆட்டம். பயிற்சியாளர் முன் உலகின் தலைசிறந்த முன்கள வீரர் காலணி கட்டிக்கொண்டு நிற்கிறார். மருத்துவரின் கையில் கோளாறு இல்லை என்று சொல்லும் காகிதம் இருக்கிறது. நாலாவது, நேரம். ஆளைத் தடுத்து நிறுத்தி அணியும் தோற்றிருந்தால் வடதுருவத்துக்குத்தான் குடிபோயிருக்க வேண்டும் என்று அந்த மருத்துவர் பிற்பாடு சொன்னதாகப் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. கேலியாகச் சொன்னதாகவே இருக்கட்டும், நிலைமையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. தடுப்பதற்கான விலை முழுவதும் ஓர் ஆள் தலையில் விழும். அனுமதிப்பதற்கான விலை பலர் தலையில் பகிர்ந்து விழும்.

மருத்துவ ரீதியில் அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு? வலிப்பு நின்ற பிறகு எடுக்கும் சோதனைகள் இயல்பாக இருப்பது சாதாரணம். அதனால் வலிப்பு வரவில்லை என்றோ, மறுபடி வராது என்றோ ஆகிவிடாது. பெரிய வலிப்புக்குப் பிறகு தூக்கக் கலக்கம், தசை வலி, மந்தம் எல்லாம் பல மணி நேரம் நீடிக்கும். முதல் வலிப்பு வந்தவரைப் பல நாடுகளில் சில மாதங்களுக்குக் காரே ஓட்ட விடுவதில்லை. பரிசோதனை சொன்னது இவ்வளவுதான்: இப்போதைக்கு மூளையிலோ இதயத்திலோ கண்ணுக்குத் தெரியும் கோளாறு இல்லை. உடைமாற்றும் அறையில் அதை ஆடத் தகுதி உண்டு என்று வாசித்துவிட்டார்கள்.

ஆட்டமும் விசாரணையும்

பிரேசில் அணி வழக்கமான உடற்சூட்டுப் பயிற்சிக்கே களத்துக்கு வரவில்லை. ஆட்டத்தில் ரொனால்டோ களத்தில் இருந்தார், அவ்வளவுதான். முதல் பாதியில் பிரான்ஸ் கோல்கீப்பர் பார்த்தேஸோடு பலமாக மோதிக் கீழே விழுந்தார். அந்த நொடியில் பிரேசில் ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பகலில் பார்த்தது மறுபடி வந்துவிட்டதோ என்ற திகில். பந்தைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. ஒருவருக்கு ஏற்பட்ட அபாயம் பத்துப் பேரின் ஆட்டத்தையும் கெடுத்தது. பிரான்ஸின் ஜிடான் தலையால் இரண்டு கோல், கடைசி நேரத்தில் எம்மானுவேல் பெத்தி ஒன்று. பிரான்ஸ் 3–0. ரொனால்டோ 90 நிமிடமும் ஆடினார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே கிடைத்தது.

ஊர் திரும்பியதும் வதந்தி கிளம்பியது. நைக்கிதான் கட்டாயப்படுத்தி ஆட வைத்தது என்றார்கள். முழங்கால் வலிக்குப் போட்ட ஊசியால் வந்த வினை என்றார்கள். கூட்டமைப்புக்கும் நைக்கிக்கும் இடையேயான ஒப்பந்தத்தை ஆராய நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 2001 ஜனவரியில் ரொனால்டோவே அதன் முன் சாட்சி சொன்னார். கார்னர் உதையின்போது ஜிடானைக் காக்க வேண்டியவர் யார் என்றுகூட ஓர் உறுப்பினர் கேட்டார். சட்டம் இயற்றுகிறவர்களுக்கும் அதுதான் உறுத்தியிருக்கிறது! ஸ்பான்சரின் உத்தரவில் அவர் ஆடினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் நிறுவப்படவில்லை. வலிப்புக்கான காரணமும் இன்றுவரை முடிவாகவில்லை. மன அழுத்தம் என்றார்கள், பின்னாளில் இதயம் சார்ந்த விளக்கமும் வந்தது.

சதி நடந்ததா என்று தோண்டியதில் நடைமுறை எங்கே ஓட்டையாக இருந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. சதி தேவையே இல்லை. ஆட விரும்பும் இளைஞர், ஆட வைக்க விரும்பும் அணி, இயல்பு என்று சொல்லும் ஒரு காகிதம். இந்த மூன்றும் போதும்.

இரண்டாம் நிகழ்வு: 1999 நவம்பர் முதல் 2000 ஏப்ரல் வரை

1998–99 பருவம் முழுக்க முழங்கால் வந்து வந்து போனது. அந்த ஒரே பருவத்தில் இன்டர் நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்தது. ஒருவர் போட்ட திட்டத்தை அடுத்தவர் பின்பற்றினாரா என்று கேட்கவே வேண்டாம்.

1999 நவம்பர் 21, மிலானில் லெச்சே அணிக்கு எதிரான லீக் ஆட்டம். இன்டர் 6–0 என்று வென்றது. ஒரு பெனால்டி கோல் ரொனால்டோ அடித்தது. அதே ஆட்டத்தில் வலது முழங்கால் பிடித்துக்கொள்ள, நொண்டியபடி வெளியேறினார். முட்டிச் சில்லுத் தசைநாணில் பகுதிக் கிழிவு. தொடையின் முன்பக்கத் தசைகள் எல்லாம் சேர்ந்து முட்டிச் சில்லைப் பிடித்திருக்கின்றன. சில்லைக் கீழே கால் எலும்போடு கட்டியிருப்பது இந்தத் தசைநாண்தான். ஓடும்போது சட்டென்று நிற்க, திரும்ப, எம்ப, எல்லாவற்றுக்கும் சுமை இதன் வழியாகத்தான் போகும். மாத இறுதியில் பாரிஸில் அறுவை சிகிச்சை நடந்தது.

2000 ஏப்ரல் 12, ரோம். இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டம், எதிரே லாசியோ. ரொனால்டோவை இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் இது கவனமான ஏற்பாடு: முழு ஆட்டம் வேண்டாம், கொஞ்ச நேரம் மட்டும்.

இறங்கி ஆறேழு நிமிடம் இருக்கும். பெனால்டி பகுதியின் விளிம்பில் பந்து கிடைத்தது. எதிரே தற்காப்பு வீரர். வழக்கம்போலப் பந்தின் மேல் காலைச் சுழற்றிப் போக்குக் காட்டி, வலது காலை ஊன்றினார். கால் தாங்கவில்லை. யாரும் தொடவில்லை, அப்படியே சரிந்தார். தசைநாண் முழுவதுமாக அறுந்து, பிடிமானம் இழந்த முட்டிச் சில்லு தொடைத் தசையின் இழுப்பில் மேலே ஏறிவிட்டது. தொடையின் நடுவரை போய்விட்டதாக அவரது இயன்முறை மருத்துவர் பின்னர் சொன்னார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரொனால்டோ அலறிய அந்தப் பதிவை ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியாது. லாசியோ ஆட்டக்காரர்களே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். மறுநாளே பாரிஸில் அதே அறுவை மருத்துவரிடம் மறுபடி.

எங்கே தவறியது? நிமிடத்தைக் குறைத்தால் களைப்பு குறையும். ஆனால் தசைநாணை அறுப்பது ஒரே ஓர் அடியில் விழும் உச்சச் சுமை. அது முதல் நிமிடத்திலும் விழலாம், தொண்ணூறாவதிலும் விழலாம். ரொனால்டோவைப் போன்ற ஆட்டக்காரர் பத்து நிமிடம் மட்டும் ஆடினாலும் அந்தப் பத்து நிமிடத்தில் முழு வேகத்தில் ஒரு முறையாவது திரும்பத்தான் செய்வார். அதற்காகத்தானே அவரை இறக்குகிறார்கள்! தசைநாண் தசையைப் போல வேகமாக ஆறுவதுமில்லை. ரத்த ஓட்டம் குறைவு. தைத்த இடத்தில் இழைகள் ஒழுங்காக அடுக்கி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அறுவை முடிந்து நாலரை மாதத்தில் வலி போயிருக்கலாம், தொடை பழைய அளவுக்குத் தேறியிருக்கலாம். தொடை தேறத் தேற, இன்னும் ஆறாத தசைநாணை அது இழுக்கும் பலமும் கூடுகிறது.

இன்னொன்று, அந்த நாளின் தேர்வு. காயத்துக்குப் பிறகு முதல் ஆட்டமே ஒரு கோப்பை இறுதி. 1998இல் நடந்ததுபோலவே நாள்காட்டியில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த தேதி முடிவெடுத்துவிட்டது. இதை யாரோ ஒருவரின் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டக்காரரும் ஏங்கினார், கிளப்பும் ஏங்கியது. அன்று அந்த அரங்கில் அவர் எழுந்து உடற்சூட்டுக்குப் போனதைப் பார்த்து மகிழாதவர் இருந்திருக்க மாட்டார்.

மூன்றாம் நிகழ்வு: பதினேழு மாதம்

2000–01 பருவத்தில் ஓர் ஆட்டமும் இல்லை. அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது என்று எழுதியவர்கள் ஏராளம். முழங்காலை மடக்குவதே முதல் வேலையாக இருந்தது. நீச்சல் குளம், எடைப் பயிற்சி, நடை, மெல்லோட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். பிரேசிலைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் கூடவே இருந்தார். இந்த முறை விரட்டுவதற்கு முன்னால் ஓர் இறுதி ஆட்டத் தேதி இல்லை. பொறுமை என்று புகழ்வதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்: அவசரப்பட்டிருந்தாலும் அந்த முழங்கால் அனுமதித்திருக்காது.

2001 கோடையில் ஒரு நட்பு ஆட்டம். செப்டம்பர் 20இல் யூஇஎஃப்ஏ கோப்பையில் ருமேனியாவின் பிரஷோவ் அணிக்கு எதிராக அதிகாரபூர்வமான முதல் ஆட்டம். அதோடு முடியவில்லை. முழங்கால் தாங்கியது, இப்போது தொடைத் தசைகள் மாறி மாறிப் பிடித்துக்கொண்டன. நெடுநாள் ஓய்விலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது வழக்கமானதுதான். டிசம்பரில் லீக் கோல், மறுபடி காயம், சிகிச்சைக்குப் பிரேசில் பயணம். அந்தப் பருவத்தில் லீக்கில் பத்தே ஆட்டம், ஏழு கோல். பயிற்சியாளர் கூப்பர் அவரை அளந்தே பயன்படுத்தினார். அதில் ரொனால்டோவுக்கு மனக்கசப்பு உண்டு. 2002 மே 5இல், ரோமில் அதே லாசியோவிடம் தோற்று லீக் பட்டம் கைநழுவியபோது, இருக்கையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரை மார்ச்சிலேயே ஒரு நட்பு ஆட்டத்துக்கு அழைத்திருந்தார். 1999க்குப் பிறகு தேசியச் சீருடையில் அதுதான் முதல் தடவை. 2002 உலகக் கோப்பைக்கு மூத்த முன்கள வீரர் ரொமாரியோவைச் சேர்க்கச் சொல்லி நாடே கூச்சல் போட்டது. ஸ்கொலாரி அசையவில்லை, பாதி ஆறிய ரொனால்டோவை எடுத்துக்கொண்டு, நன்றாக ஆடிக்கொண்டிருந்த ரொமாரியோவை விட்டுவிட்டுப் போனார்.

2002 ஜூன்

உலகக் கோப்பையில் துருக்கி, சீனா, கோஸ்டா ரிகா, பெல்ஜியம் என்று வரிசையாகக் கோல் வந்தது. ஸ்கொலாரி பெரும்பாலான ஆட்டங்களில் கடைசி விசில் வரை அவரை வைத்திருக்கவில்லை. இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியிலும் இரண்டாம் பாதியிலேயே வெளியே எடுத்தார். அரையிறுதிக்குத் தகுதியா என்ற பேச்சு எழுந்தபோதுதான் நெற்றிக்கு மேல் முக்கோணமாக ஒரு திட்டு முடி விட்டு மீதியை மழித்துக்கொண்டு வந்தார். காயத்தை விட்டுவிட்டு எல்லாரும் முடியைப் பற்றிப் பேசட்டும் என்றே செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பேசினார்கள். துருக்கிக்கு எதிரான அரையிறுதியில் கால்நுனியால் தட்டி ஒரு கோல். பென்ட்டோ ரிபெய்ரோவின் உள்ளரங்கப் பழக்கம்.

ஜூன் 30, யோகோஹாமா, எதிரே ஜெர்மனி. அன்று பகல் உணவுக்குப் பிறகு மற்றவர்கள் படுக்கப் போனார்கள். ரொனால்டோ தூங்க மறுத்தார். 1998இல் அந்தத் தூக்கத்தில்தான் எல்லாம் நடந்தது என்ற பயம். பேச்சுத் துணைக்கு ஆள் தேடி, மாற்று கோல்கீப்பர் டிடாவோடு பேசிக்கொண்டே பொழுதைக் கழித்தார். இரவு 67ஆம் நிமிடத்தில் ஒன்று, 79இல் ஒன்று. 2–0. ஏழு ஆட்டத்தில் 8 கோல், அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி.

வெற்றியை வைத்து ஸ்கொலாரியின் தேர்வைச் சரி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. முழங்காலுக்குத் தேவையான காலம் கிடைத்திருந்தது உண்மை. ஆனால் ஏழு ஆட்டம் தாங்குவார் என்பதற்கு ஆதாரம் மெலிந்ததுதான். ஒரு தொடைத் தசை கிழிந்திருந்தால் இதே முடிவை முரட்டுப் பிடிவாதம் என்று எழுதியிருப்பார்கள். அதுபோல 1998இல் பிரேசில் வென்றிருந்தால் நாடாளுமன்றத்தில் அந்த வலிப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த முடிவு அப்போதும் தவறாகவே இருந்திருக்கும். மூன்றாம் முறைக்கும் முந்தைய இரண்டுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு, ஆட்டக்காரரை வெளியே எடுக்கும் உரிமையை ஒருவர் ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் வைத்திருந்து பயன்படுத்தினார் என்பதுதான்.

பிற்பகுதி

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரியல் மாட்ரிட், 2003இல் மான்செஸ்டர் மண்ணில் மூன்று கோல், 2006 உலகக் கோப்பையில் தன் 15ஆவது கோலோடு அன்றைய சாதனை. பழைய வேகம் போய், நின்ற இடத்தில் முடிக்கும் ஆட்டக்காரராக மாறியிருந்தார். 2008 பிப்ரவரியில் ஏசி மிலானுக்காக லிவோர்னோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சற்று நேரத்தில் இடது முழங்காலில் அதே தசைநாண் அறுந்தது. மறுபடி அறுவை, மறுபடி மாதக்கணக்கில் பயிற்சி, 2009இல் கொரிந்தியன்ஸ். 2011 பிப்ரவரியில் 34 வயதில் விடைபெற்றபோது, உடல் வலியையும் சில ஆண்டு முன் கண்டறிந்த தைராய்டு குறைபாட்டையும் காரணமாகச் சொன்னார். பிரேசிலுக்காக அவர் அடித்தது 98 ஆட்டத்தில் 62 கோல்.

எதை மாற்ற வேண்டும்

சில மாறிவிட்டன. 2006 முதல் உலகக் கோப்பைக்கு முன் ஆட்டக்காரர்களுக்கு இதயப் பரிசோதனை உள்ளிட்ட மருத்துவச் சோதனையை ஃபிஃபா கொண்டுவந்தது. தலையில் அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்திப் பார்க்கவும், அதற்கென்று தனியாக மாற்று ஆட்டக்காரரை இறக்கவும் விதிகள் வந்தன. எல்லாம் நடுவர் விசிலுக்குள் நடப்பவை. விடுதி அறையில் பிற்பகல் இரண்டு மணிக்கு நடப்பதற்கு இன்றும் அணி மருத்துவரின் மனசாட்சிதான் காவல்.

சுயநினைவு தப்பும் எந்த நிகழ்வுக்கும் அன்றைய ஆட்டம் கிடையாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அந்தந்த நேரத்தில் எடைபோட விட்டால் இறுதி ஆட்டம்தான் கனமாக இருக்கும். விதி எழுதியிருந்தால் மருத்துவர் வடதுருவத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. விதி தடுத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். பரிசோதனை செய்த மருத்துவமனை, முடிவுத் தாளை ஆட்டக்காரர் கையில் கொடுப்பதும் நிற்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல, அணியிடம் சம்பளம் வாங்காத இன்னொரு மருத்துவர் வேண்டும்.

தசைநாண் காயத்தில் முதல் ஆட்டத்தின் தேதியை விட முதல் ஆட்டத்தின் தரத்தை முன்னதாகக் குறிக்கலாம். பயிற்சி ஆட்டம், அப்புறம் கீழ்நிலை ஆட்டம், அதன் பிறகே கோப்பை. 2001இல் தற்செயலாக நடந்தது அதுதான். தேசிய அணியும் கிளப்பும் ஒரே மருத்துவப் பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் வேண்டும். நான்கு கோடை ஓய்வில்லாமல் போனதை யாராவது ஒருவர் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால், 1999 நவம்பருக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் அவரை நிறுத்தியிருக்கக்கூடும்.